பொறி மாற்றீட்டில் மின்பழுது கண்டறிதல்

பொறி மாற்றீட்டில் மின்பழுது கண்டறிதல் என்பது, ஒரு தானுந்தின் மூலப் பொறியை நீக்கிவிட்டு வேறொரு வண்டியின் பொறியைப் பொருத்திய பின்னர், அதன் கம்பித்தொகுதியிலும் மின்னணுக் கருவிகளிலும் எழும் பழுதுகளை ஒழுங்குமுறையாகத் தேடிக் கண்டறியும் செயல் ஆகும். வீட்டுக் கொட்டகையில் தனியாட்கள் செய்யும் மாற்றீடுகளில் பொறியை இறக்கி ஏற்றும் பணி சில நாட்களில் முடிந்துவிடக்கூடும். பொறி சுழன்றும் பற்றாமல் இருப்பது, பற்றியபின் அணைந்துபோவது போன்ற மின்பழுதுகளே பெரும்பாலும் நெடுநாள் இழுக்கின்றன. புதிய கருவிகளை வாங்கி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதைவிட அளந்து பார்த்து முடிவு செய்வதே இம்முறையின் அடிப்படை.

பின்னணி

கார்புரேட்டர் கொண்ட பழைய பெட்ரோல் பொறிகளுக்குத் தீப்பொறிச் சுருள், தொடக்கி மின்னோடி, ஆல்டர்னேட்டர், சில அளவிகள் ஆகியவற்றுக்கான ஒருசில கம்பிகளே போதுமானவையாக இருந்தன. 1967 இல் போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் எனும் மின்னணு எரிபொருள் உட்செலுத்தல் முறை ஃபோக்ஸ்வாகன் 1600 தானுந்துகளில் இடம்பெற்றது. அதன்பின் பொறியின் இயக்கம் படிப்படியாக மின்னணுக் கட்டுப்பாட்டகத்தின் கைக்கு மாறியது. ஐக்கிய அமெரிக்காவில் 1996 மாதிரி ஆண்டிலிருந்து ஓபிடி-2 எனும் பழுதறி முறை தானுந்துகளில் கட்டாயமாக்கப்பட்டது. 2008 மாதிரி ஆண்டிலிருந்து பழுதறி இணைப்பில் கேன் எனும் தகவல் பாட்டை கட்டாயமானது. எனவே இன்று ஒரு பொறியை மாற்றுவது, அதன் கட்டுப்பாட்டகத்தையும் உணரிகளையும் மற்றொரு வண்டியின் மின்னமைப்போடு ஒத்திசையச் செய்வதும் ஆகும்.

கம்பித்தொகுதியின் பிரிவுகள்

பழுது தேடுவதற்கு வசதியாகக் கம்பித்தொகுதியை ஐந்து பிரிவுகளாகக் கொள்ளலாம்.

* மின்வழங்கல்: மின்கலத்திலிருந்து உருகிகள், ரிலேக்கள் வழியாக வரும் 12 வோல்ட் கம்பிகள்.
* எர்த்து: மின்னோட்டம் மின்கலத்தின் எதிர்முனைக்குத் திரும்பும் வழிகள்.
* உணரிகள்: கிராங்க் தண்டு, கேம் தண்டு, வெப்பநிலை, காற்றழுத்தம், ஆக்சிசன் முதலியவற்றை அளப்பவை.
* இயக்கப்படுபவை: எரிபொருள் உட்செலுத்திகள், தீப்பொறிச் சுருள்கள், எரிபொருள் எக்கி, விசிறி.
* தகவல்தொடர்பு: பழுதறி இணைப்பும், கட்டுப்பாட்டகங்களுக்கு இடையிலான தகவல் கம்பிகளும்.

கருவிகள்

எண்முறைப் பல்மானி, சுமை விளக்கு, பழுதுக் குறியீடு படிக்கும் கருவி, பொறி வந்த வண்டிக்கும் அதை ஏற்கும் வண்டிக்கும் உரிய மின்சுற்று வரைபடங்கள் ஆகியன இன்றியமையாதவை. பல்மானியின் உள்மின்தடை பொதுவாக 10 மெகாஓம் அளவில் இருப்பதால், அது சுற்றிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுக்கிறது. இதனால் ஒரே ஒரு இழை மட்டும் அறுபடாமல் மிஞ்சிய கம்பியிலும் அது 12 வோல்ட் காட்டும். அதே கம்பியில் ஒரு விளக்கை இணைத்தால் அது மங்கலாக எரியும் அல்லது எரியாது. ஆகவே மின்வழங்கல் கம்பிகளைச் சுமையோடு சோதிப்பதே சரியான முறை. மாறாக, இழை விளக்கைக் கட்டுப்பாட்டகத்தின் உணரிக் கம்பிகளில் வைத்துச் சோதித்தால், அது இழுக்கும் மின்னோட்டம் மின்னணுச் சுற்றைக் கெடுக்கக்கூடும். அவற்றுக்குப் பல்மானியையே பயன்படுத்த வேண்டும்.

கண்டறியும் ஒழுங்கு

மின்கலமும் மின்வழங்கலும்

முழுதும் மின்னேற்றப்பட்ட ஈய-அமில மின்கலம் ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். தொடக்கி சுழலும்போது இது 9.6 வோல்ட்டிற்குக் கீழே இறங்கினால், மின்கலத்தையும் அதன் தடித்த கம்பிகளையும் முதலில் சரிசெய்ய வேண்டும். மின்னழுத்தம் குறைந்த நிலையில் கட்டுப்பாட்டகம் தடுமாறும் என்பதால், அதன்பின் எடுக்கும் எந்த அளவீட்டையும் நம்ப இயலாது.

டிஐஎன் 72552 தரத்தின்படி ரிலேயின் 85, 86 ஆகிய முனைகள் சுருளுக்கும், 30 மின்வழங்கலுக்கும், 87 சுமைக்கும் உரியவை. 87ஏ எனும் முனை, ரிலே இயங்காதபோது 30 உடன் இணைந்திருக்கும். 87 க்குப் பதிலாக 87ஏ இல் எரிபொருள் எக்கியை இணைத்துவிட்டால், கட்டுப்பாட்டகம் கட்டளையிடாதபோது எக்கி ஓடும், கட்டளையிட்டவுடன் நின்றுவிடும்.

எர்த்து இணைப்புகள்

பொறி மாற்றீட்டில் மிகுதியாகக் காணப்படும் பழுது எர்த்துக் குறைபாடே ஆகும். பொறி இரப்பர் தாங்கிகளின் மீது அமர்வதால், அதற்கும் வண்டியின் உடலுக்கும் இடையே தடித்த கம்பி தேவை. அக்கம்பி விடுபட்டால், தொடக்கியின் பெரும் மின்னோட்டம் முடுக்கிக் கம்பிவடம், பல்லிணை மாற்றும் வடம் போன்ற பிற உலோக வழிகளில் திரும்ப முயலும். அவ்வடங்கள் சூடேறிக் கருகுவது இப்பழுதின் தெளிவான அடையாளம்.

இதனை மின்னழுத்த வீழ்ச்சிச் சோதனையால் அறியலாம். பல்மானியின் ஒரு முனையை மின்கலத்தின் எதிர்முனையிலும், மற்றதைப் பொறியின் வார்ப்பிலும் வைத்துக்கொண்டு தொடக்கியைச் சுழலவிட வேண்டும். பொதுவாக 0.5 வோல்ட்டிற்கு மேல் காட்டினால் அவ்வழி பழுதுடையது. கட்டுப்பாட்டகத்தின் எர்த்து முனைகளில் வீழ்ச்சி 0.1 வோல்ட் அளவைத் தாண்டாமல் இருப்பது நன்று. வண்ணப்பூச்சின் மீது திருகப்பட்ட எர்த்து வளையம் பார்வைக்கு இறுக்கமாக இருந்தாலும் மின்னைச் சரியாகக் கடத்தாது.

உணரிகளின் திரும்பு கம்பிகளைக் கட்டுப்பாட்டகத்திற்கே கொண்டுசெல்ல வேண்டும். அவற்றை வண்டியின் உடலில் இணைத்தால், வேறு சுமைகளின் மின்னோட்டம் உண்டாக்கும் வீழ்ச்சியும் உணரியின் அளவோடு சேர்ந்துவிடும்.

சாவிச் சுற்று

சில வண்டிகளில் சாவியைத் தொடக்க நிலைக்குத் திருப்பும்போது, வானொலி போன்ற துணைக் கருவிகளுக்கான கம்பியில் மின் துண்டிக்கப்படும். கட்டுப்பாட்டகத்தைத் தவறுதலாக அக்கம்பியில் இணைத்தவர்களுக்கு, பொறி சுழலும்போது பற்றாமல், சாவியை விடும் கணத்தில் மட்டும் பற்ற முயலும் விந்தையான பழுது தோன்றும். சாவியின் ஓட்ட நிலை, தொடக்க நிலை ஆகிய இரண்டிலும் 12 வோல்ட் தரும் கம்பியைத் தேர்ந்தெடுப்பதே தீர்வு.

இதற்கு எதிரான பழுதும் உண்டு. ஆல்டர்னேட்டரின் கிளர்வூட்டும் கம்பி வழியாக மின்னோட்டம் பின்னோக்கிப் பாய்ந்தால், சாவியை எடுத்த பின்னும் பொறி அணையாது. அக்கம்பியில் எச்சரிக்கை விளக்கு அல்லது டையோடு சேர்த்து இது தவிர்க்கப்படுகிறது.

உணரிகள்

பல உணரிகளுக்குக் கட்டுப்பாட்டகம் 5 வோல்ட் ஒப்பு மின்னழுத்தத்தை வழங்குகிறது. ஒரே ஒப்புக் கம்பியைப் பல உணரிகள் பகிர்வதால், ஒன்றில் ஏற்படும் குறுக்குச்சுற்று மற்றவற்றையும் செயலிழக்கச் செய்யும். ஒரே நேரத்தில் பல உணரிகளுக்குப் பழுதுக் குறியீடு வந்தால், உணரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எப்போது 5 வோல்ட் மீள்கிறது எனப் பார்க்க வேண்டும்.

கிராங்க் தண்டு உணரிகள் இரு வகைப்படும். மூன்று கம்பி கொண்ட ஹால் விளைவு உணரி சதுர அலையைத் தரும். இரு கம்பி கொண்ட காந்தத் தூண்டல் உணரி மாறுமின்னழுத்தத்தைத் தரும். பின்னதில் கம்பிகள் இடம் மாறினால், பொறி பற்றாமல் போகலாம் அல்லது தீப்பொறி தவறான நேரத்தில் விழலாம். இவ்வுணரிக் கம்பியின் காப்புறையைப் பொதுவாக ஒரு முனையில் மட்டுமே எர்த்து செய்ய வேண்டும்.

தீப்பொறியும் எரிபொருளும்

பல கட்டுப்பாட்டகங்கள் சாவியைத் திருப்பியதும் எரிபொருள் எக்கியை ஏறத்தாழ 2 விநாடிகள் ஓட்டி நிறுத்தும். கிராங்க் தண்டின் குறிப்பலை வந்த பின்னரே மீண்டும் ஓட்டும். இவ்வொழுங்கே ஒரு சோதனையாகப் பயன்படுகிறது. எக்கி 2 விநாடிகள் ஓடினால், கட்டுப்பாட்டகத்திற்கு மின்வழங்கலும் எர்த்தும் கிடைக்கின்றன, ரிலேயும் இயங்குகிறது என்று கொள்ளலாம். பின்னர் பொறியைச் சுழற்றும்போது எக்கி ஓடாமலும், பழுதறி கருவியில் சுழற்சி வேகம் சுழியமாகவும் இருந்தால், தேட வேண்டிய இடம் கிராங்க் தண்டு உணரியும் அதன் கம்பிகளுமே.

தகவல்தொடர்பு

பழுதறி இணைப்பின் 16 ஆம் முனையில் மின்கல மின்னழுத்தமும், 4, 5 ஆகிய முனைகளில் எர்த்தும் இருக்க வேண்டும். கேன் பாட்டை 6, 14 ஆகிய முனைகளில் வருகிறது. அதன் இரு கோடிகளிலும் 120 ஓம் மின்தடைகள் இருப்பதால், மின்கலத்தைக் கழற்றிவிட்டு அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் காட்டும். 120 ஓம் காட்டினால் ஒரு கோடியின் மின்தடை இணைப்பில் இல்லை என்றும், சுழியத்தை ஒட்டிக் காட்டினால் கம்பிகள் ஒன்றோடொன்று தொடுகின்றன என்றும் பொருள். பொறியோடு வந்த பழைய கருவிக் குழுக்களை விட்டுவிடும்போது, அவற்றினுள் இருந்த மின்தடையும் போய்விடுகிறது என்பது பலர் கவனிக்காத செய்தி.

எடுத்துக்காட்டு: எல்எஸ் பொறிகள்

செனரல் மோட்டார்சு நிறுவனத்தின் எல்எஸ் வகை வி8 பொறிகள் அமெரிக்காவில் மாற்றீட்டிற்குப் பெரிதும் விரும்பப்படுபவை. இவற்றுள் முதலாவதான 5.7 லிட்டர் எல்எஸ்1, 1997 மாதிரி ஆண்டு கார்வெட்டில் அறிமுகமானது. இவ்வகை மாற்றீடுகளில் மூன்று சிக்கல்கள் மிகுதி.

* தொடக்ககாலப் பொறிகளின் கிராங்க் தண்டில் 24 குறிப்பலைகளைத் தரும் சக்கரமும், பிற்காலத்தவற்றில் 58 பற்கள் கொண்ட சக்கரமும் உள்ளன. ஒன்றிற்குரிய கட்டுப்பாட்டகம் மற்றொன்றின் குறிப்பலையை அறியாது. கம்பிகள் யாவும் சரியாக இருந்தும் தீப்பொறி வராததற்கு இதுவும் காரணமாகலாம்.
* திருட்டுத் தடுப்பு முறை, மூல வண்டியின் உடல் கட்டுப்பாட்டகத்திலிருந்து கடவுச்சொல் வராவிடில் எரிபொருள் உட்செலுத்தலை நிறுத்திவிடும். கட்டுப்பாட்டகத்தின் மென்பொருளில் இதை நீக்க வேண்டும். கம்பிகளில் தேடிப் பயனில்லை.
* 1998 முதல் 2002 வரையான காமரோவின் எல்எஸ்1 கம்பிவட முடுக்கியையும், கார்வெட்டின் எல்எஸ்1 மின்னணு முடுக்கியையும் கொண்டவை. மின்னணு முடுக்கியில் மிதி, முடுக்கி உடல், அதன் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியன ஒன்றோடொன்று பொருந்தும் தொகுதியாக இருத்தல் வேண்டும்.

பாதுகாப்பு

எரிபொருள் எக்கியைச் சாவியோடு நேரடியாக இணைப்பது எளிதாகத் தோன்றினாலும் ஆபத்தானது. விபத்தில் பொறி நின்று எரிபொருள் குழாய் அறுந்தாலும், சாவி திறந்திருக்கும்வரை எக்கி எரிபொருளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கட்டுப்பாட்டகம் இயக்கும் ரிலே, பொறி நின்றதும் எக்கியை நிறுத்திவிடும். மின்கலத்திலிருந்து வரும் ஒவ்வொரு கம்பிக்கும் மின்கலத்தின் அருகிலேயே, கம்பியின் தடிமனுக்கேற்ற உருகி அமைய வேண்டும். அடிக்கடி எரியும் உருகிக்குப் பதிலாகப் பெரிய உருகியைப் போட்டால், அடுத்து எரிவது கம்பியாக இருக்கும்.

காற்றுப்பைச் சுற்றின் இணைப்பிகள் பொதுவாக மஞ்சள் நிறத்தவை. அவற்றைப் பல்மானியாலோ விளக்காலோ சோதித்தல் கூடாது. காற்றுப்பை வெடித்து விரியக்கூடும்.

சட்டம்

பொறி மாற்றீட்டிற்கான விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். கலிபோர்னியா மாநிலத்தில், பொருத்தப்படும் பொறி வண்டியின் மாதிரி ஆண்டிற்குச் சமமானதாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும். அதற்குரிய மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் உடன் பொருத்தப்பட்டு, அரசின் நடுவர் நிலையத்தில் ஆய்வு பெற வேண்டும். ஆகவே ஆக்சிசன் உணரி போன்றவற்றின் கம்பிகளைத் தேவையற்றவை என்று வெட்டி எறிந்தால், வண்டி ஓடினாலும் சாலைக்கு வரும் தகுதியை இழக்க நேரும்.