பேய்ப்பயத்துக்கு யார் ஜெபிப்பது? தென் தமிழகக் கிறிஸ்தவத்தில் ஒரு மாற்றத்தின் வரலாறு

1809-இல் ஆரல்வாய்மொழிக் கோட்டையைப் பிடிக்க நடந்த போரில் போல் என்ற ஆங்கிலேயக் கேப்டன் படுகாயமடைந்து இறந்தார். வெகுதூரம் தள்ளி ஒரு மணற்காட்டில் அவரைப் புதைத்தார்கள். பின்னாளில் அக்கம்பக்கத்தார் அவருடைய கல்லறைக்குச் சாராயமும் சுருட்டும் படைத்து வழிபட்டதாக மிஷனரி கால்டுவெல் எழுதியிருக்கிறார். போல் கிறிஸ்தவர், அதுவும் வெள்ளைக்காரர். ஆனால் அந்த மண்ணின் கணக்கில் மதமும் நிறமும் வரவில்லை. ஆயுசு முடியாமல் அடிபட்டுச் செத்தவர் அடங்கமாட்டார், அவரை அடக்கித்தான் வைக்கவேண்டும்.

தாமிரபரணிக்குத் தெற்கே தேரிக்காடும் பனங்காடும் சூழ்ந்த பகுதியில் 'பேய்ப்பயம்' என்ற சொல்லுக்குப் பின்னால் நின்றது இந்தக் கணக்குதான். கொலையுண்டவர், தூக்கில் தொங்கியவர், பிள்ளைத்தாச்சியாக இறந்தவள், பனையிலிருந்து விழுந்தவர் என்று துர்மரணம் அடைந்தவர்களின் பட்டியல் நீண்டது. உச்சிவேளையிலும் கருக்கலிலும் நடக்கக்கூடாத பாதைகள் இருந்தன. மிஷனரிகள் இந்த வழிபாடு முழுவதையும் 'பேய் வழிபாடு' என்ற ஒரே சொல்லில் அடைத்தது தவறு என்றே நினைக்கிறேன். சுடலைமாடனும் இசக்கியும் தம் மக்களுக்குக் காவல் தெய்வங்கள்; அச்சமும் அன்பும் அங்கே கலந்தே இருந்தன. ஆனால் அச்சம் இருந்தது என்பதிலும், அதைத் தீர்க்கச் சாமியாடும் கோமரத்தாடியையோ மந்திரவாதியையோ கோடாங்கியையோ தேடிப்போக வேண்டியிருந்தது என்பதிலும் ஐயமில்லை. நோய் வந்தால் எந்தப் பேய் என்று சொல்ல ஓர் ஆள், அது கேட்பதைக் கொடுக்கச் செலவு. பயத்துக்கு மருந்து உண்டு, ஆனால் அது அடுத்தவர் கையில்.

கிறிஸ்தவம் இங்கே வந்தபோது பேய்களைப் பற்றி என்ன சொன்னது என்பதையே ஆய்வாளர்கள் பெரிதும் பேசியிருக்கிறார்கள். அந்த மருந்து யார் கைக்கு மாறியது என்ற கேள்வி அதைவிட முக்கியமானது. அதைத் தொடர்ந்து பார்த்தால் நானூற்றைம்பது ஆண்டுக் கதை வேறுவிதமாகத் தெரிகிறது.

தொடக்கம் முத்துக்குளித்துறையில். 1530-களின் நடுவில் பரதவர்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். அது பெரும்பாலும் கடல் உரிமைக்காகப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிய முடிவு. செபம் பிற்பாடுதான் வந்தது. 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் உள்ளூர் ஆட்களின் துணையோடு விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை முதலியவற்றைத் தமிழாக்கி, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் அவர் தரும் செய்தி ஒன்று என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது. நோயாளிகளுக்காகச் செபிக்க வரச்சொல்லி எல்லா வீடுகளிலிருந்தும் கூப்பிடுகிறார்கள்; அவர் ஒரே ஆள். ஆகவே செபங்களை மனப்பாடம் செய்திருந்த சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அண்டை அயலாரையும் கூட்டி, படுக்கையருகே நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி, நோயாளிக்குத் தைரியம் சொன்னார்கள். அதே சிறுவர்கள் சிலைகளை உடைத்ததையும் சவேரியார் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். அந்தப் பகுதியை இன்று கூசாமல் படிக்க முடியாது. ஆனாலும், அருள்வந்து ஆடாத, காசு கேட்காத, மீசை முளைக்காத பையன் ஒருவன் வியாதிக்காரரின் வீட்டுப் பயத்தை எதிர்கொண்டு நின்றது அந்தக் கரைக்குப் புதிது.

1578-இல் கொல்லத்தில் இயேசு சபைக் குரு ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களே கொண்டது. அச்சு வரலாற்றில் அதன் பெருமையைப் பேசும்போது, அந்தச் சிறுவர்கள் செய்ததுபோல் ஓதவும் மனப்பாடம் செய்யவும் ஆன புத்தகம் அது என்பதை மறந்துவிடுகிறோம்.

கத்தோலிக்கத் திருச்சபை பேய் இல்லை என்று சொல்லவில்லை. பேயைவிட வல்லவர்கள் உண்டு என்றது. 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோவின் இரத்தம் சிந்திய செம்மண்ணை மக்கள் மருந்தாக எடுத்துப்போனார்கள். வன்முறையில் இறந்தவர் வலிமை பெறுகிறார் என்ற பழைய நம்பிக்கைதான் இதற்கும் அடி. வேறுபாடு, இவர் அச்சுறுத்தவில்லை, காத்தார். புளியம்பட்டியிலும் உவரியிலும் பேய் பிடித்ததாகக் கருதப்படுபவர்கள் அந்தோணியாரிடம் வந்து கிடக்கும் வழக்கமும் இதே தருக்கத்தின் தொடர்ச்சி. வருவோரில் இந்துக்களும் ஏராளம். செபம் வீட்டுக்குள் இருந்தது, ஆனால் கடைசி நம்பிக்கை திருத்தலத்தில் இருந்தது.

சீர்திருத்தச் சபைகளின் வழி இதற்கு நேர்மாறு. 1799-இல் டேவிட் சுந்தரானந்தம் உருவாக்கிய முதலூர், பேருக்கேற்ப தேரிக்காட்டுப் பகுதியின் முதல் சீர்திருத்தக் கிறிஸ்தவக் குடியிருப்பு. பழைய ஊரில் அடியும் தீவைப்பும் தாங்காமல் வந்தவர்களுக்காக வாங்கிய நிலம் அது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் இதையே முறையாக்கினார். இத்தகைய நிலங்களை வாங்கவே 1830-இல் தர்மசங்கம் தொடங்கப்பட்டது. மதம் மாறிய ஊர்களில் பேய்க்கோயில்களின் பீடங்கள் இடிக்கப்பட்டன; சில கோயில்கள் ஜெபவீடுகளாயின. பீடத்தை இடிப்பது ஒரு பரீட்சையாகவும் இருந்தது. இடித்தவன் மறுநாளும் உயிரோடு பனை ஏறினால் அதைவிடப் பெரிய பிரசங்கம் வேண்டியதில்லை.

ஆனால் பரீட்சையில் தோல்வியும் உண்டு. 1811-ஐ ஒட்டித் தென்மாவட்டங்களில் கொள்ளைக்காய்ச்சல் பரவியபோது புதிய கிறிஸ்தவர்களில் பலர் பழைய தெய்வங்களிடம் திரும்பினார்கள். மிஷன் வரலாற்றை எழுதிய கால்டுவெல் இதை மறைக்கவில்லை. விசுவாசம் குறைவு என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. எனக்குத் தோன்றுவது, அப்போது அந்த ஊர்களில் தினமும் ஜெபிக்கும் பழக்கம் இன்னும் ஊன்றவில்லை. ரேனியஸ் காலத்துக்குப் பின் ஊருக்கு ஊர் உபதேசியார் வந்தார். காலையும் மாலையும் மணி அடித்தது. மரமேறப் போகுமுன் ஆண்களும், வேலை முடிந்து பெண்களும் கூடினார்கள். பயம் வந்தபின் ஓடிப்போய்த் தேடும் பரிகாரமாக இல்லாமல், பயம் வருமுன்னே நாள்தோறும் செய்யும் வேலையாக ஜெபம் மாறியது. ஓய்வுநாள் பள்ளியைவிடவும் பிரசங்கத்தைவிடவும் இந்த மணிதான் அதிகம் சாதித்தது என்பது என் கணிப்பு.

1841-இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் பேய்களை ஆராய்ச்சிப் பொருளாக்கினார். 1849-இல் வெளிவந்த அவருடைய நூல் நாடார் சமூகத்தை இழிவுபடுத்தியது. அதன் மேல் எழுந்த கோபம் பல பத்தாண்டுகள் தணியவில்லை. நம் கேள்விக்கு வேண்டியது அதன் இன்னொரு விளைவு. படித்த மிஷனரிக்குப் பேய் என்பது மூடநம்பிக்கை, கல்வி வந்தால் விலகும் இருட்டு. ஆயரிடம் போய் இசக்கி பிடித்திருக்கிறது என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாத பயம் போய்விடுவதில்லை, வீட்டுக்குள் ஒதுங்கும். பிள்ளையின் தலையணைக்கடியில் வேதப்புத்தகம் வைப்பதும், இரவில் 91-ஆம் சங்கீதம் சொல்லிப் படுப்பதும் அந்த ஒதுங்கலின் அடையாளங்கள். எந்த மிஷனரியும் அவற்றைச் சட்டமாக்கவில்லை, ஆச்சிகள்தான் ஆக்கினார்கள்.

1860-இல் இந்த ஒதுங்கலின் மூடி திறந்தது. கிறிஸ்தியான்பேட்டையில் அருளப்பன் நடத்திய சபை வெள்ளைக்கார மேற்பார்வையோ சம்பளமோ இல்லாதது. அங்கே எழுந்த எழுப்புதலில் மக்கள் நடுங்கினார்கள், விழுந்தார்கள், அந்நிய பாஷை பேசினார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். பெண்களும் சொன்னார்கள். மிஷனரிகள் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். உடல் நடுங்குவது அந்த மண்ணில் சாமியாட்டத்தின் மொழி அல்லவா? அதே மொழியில் இப்போது வேறொரு ஆவி பேசியது.

1924-இல் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் போன்ற இயக்கங்கள் வழியாகத் தெய்வீக சுகமளித்தல் தமிழர்களிடையே வேரூன்றியது. சென்னைப் புரோட்டஸ்டண்டுகளிடையே 1970-களிலும் 80-களிலும் களப்பணி செய்த மானிடவியலாளர் லயனல் காப்லன், மிஷனரி இறையியல் தீய ஆவிகளின் இருப்பையே மறுத்ததால் எளிய கிறிஸ்தவர்களின் துன்பத்துக்கு விடை சொல்ல முடியாமல் போனது என்றும், அந்த வெற்றிடத்தைப் புதிய ஊழியக்காரர்கள் நிரப்பினார்கள் என்றும் காட்டினார். அவர் கூற்று நகரத்துக்கு மட்டுமல்ல, தேரிக்காட்டுக்கும் பொருந்தும். பில்லி, சூனியம், அசுத்த ஆவி எல்லாம் மறுபடி மேடையில் பேசும் சொற்களாயின. வீட்டுக்கூட்டங்களிலும் உபவாச ஜெபங்களிலும் முன்னின்றவர்கள் பெண்கள். தலையில் முக்காடிட்டு முழங்காலில் நின்று அவர்களே ஆவிகளைக் கடிந்துகொண்டார்கள், அவர்களே கட்டவிழ்த்தார்கள். சவேரியாரின் சிறுவர்களுக்குப் பிறகு பயத்தோடு நேருக்கு நேர் நிற்கும் உரிமை இவ்வளவு பரவலாக யாருக்கும் கிடைத்ததில்லை.

அந்த உரிமை நிலைத்ததா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. 1983-இல் சென்னையில் 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்தின் ஜெபக் கோபுரம் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் தொலைபேசியில் அழைத்தால் மறுமுனையில் ஒருவர் ஜெபிப்பார். தூக்கமில்லாத நள்ளிரவில் ஒரு குரல் கிடைப்பது சின்ன ஆறுதல் அல்ல. ஆனால் அதன் பின் பெருகிய வரம்பெற்ற ஊழியர்கள், அபிஷேக எண்ணெய்ப் புட்டிகள், ஜெபித்துக் கொடுத்த கைக்குட்டைகள் ஆகியவற்றைப் பார்க்கும்போது, எந்த ஆவி என்று கண்டுசொல்ல ஓர் ஆளும் அதற்கு ஒரு காணிக்கையும் திரும்ப வந்துவிட்டதாகவே படுகிறது. கோமரத்தாடியின் இடம் காலியாக இருக்கவில்லை.

இந்த மாற்றங்களை எழுதிவைத்தவர்கள் அனேகமாக ஆண்கள், அதிலும் பாதிப்பேர் வெளிநாட்டார். பெண்கள் முன்னின்ற வீட்டு ஜெபக்குழுக்களின் பழைய குறிப்பேடுகள் உங்கள் வீட்டு அலமாரியில் கிடந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.