மலையில் சைக்கிள்: கடைசியாக வருகிற ஆளின் வரலாறு



நம் பள்ளியில் படித்த தம்பி ஒருவன் நீலகிரியில் சைக்கிள் சுற்றுலா நடத்தும் சிறிய நிறுவனம் ஒன்றில் வழிகாட்டியாகச் சேர்ந்திருக்கிறான். மொத்தமே நான்கைந்து பேர். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிள் கொடுத்து, மூன்று நான்கு நாள் கூடவே ஓட்டிச் சென்று, பத்திரமாகத் திருப்பி அனுப்புவது தொழில். "பொறியியல் படித்துவிட்டு ஊராருக்குத் துணையாக சைக்கிள் விடுவதா?" என்று வீட்டில் வருத்தம். என்னிடம் நியாயம் கேட்டார்கள். வரலாறு நடத்திப் பழகிய வாய். பதிலையும் வரலாறாகவே சொல்கிறேன்.

நம் நாகூரில் மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான். மலையில் சைக்கிள் என்பது நமக்குப் புதிதாகத் தோன்றுவது இயற்கை. ஆனால் சைக்கிளில் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும் ஆசைக்கு வயது நூற்றிருபதுக்கும் மேல்.

1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதற்குப் பத்தாண்டு கூட ஆகவில்லை. 1897 கடைசியில் ஃபேனி புல்லக் வொர்க்மன், வில்லியம் ஹன்டர் வொர்க்மன் என்ற அமெரிக்கத் தம்பதி சைக்கிளோடு இந்தப் பக்கம் வந்தார்கள். அவர் மருத்துவர். அம்மையார் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநராக இருந்தவரின் மகள். தென்கோடியிலிருந்து இமயம் வரை கோயில்களையும் ஊர்களையும் பார்த்தபடி அவர்கள் ஓட்டிய தூரம் சுமார் 4,000 மைல். சில நாள்களில் நாற்பது பஞ்சர் வரை ஒட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டுச் சாமான் கிடைப்பதற்காக ரயில் பாதையை ஒட்டியே போனார்கள். இடம் கிடைக்காத இரவுகளில் ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறையில் படுத்தார்கள். 1904இல் அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார்கள்.

1898 கோடையில் வெயிலுக்குத் தப்பி இமயமலைப் பக்கம் போனவர்களுக்கு மலையேற்றத்தில் பித்துப் பிடித்துவிட்டது. அங்கே பணமும் துணிச்சலும் மட்டும் போதவில்லை. சுமை தூக்க ஆள் வேண்டும், வழி தெரிந்தவர் வேண்டும். சுமை தூக்கியவர்களோடு அவர்களுக்கு ஒத்துப்போகவே இல்லை. தங்கள் புத்தகங்களில் அவர்களைப் பற்றிக் குறையாகவே எழுதினார்கள். அந்த ஆள்களோ புத்தகம் எழுதவில்லை. அவர்கள் பக்கத்து நியாயம் நமக்குக் கிடைக்காமலே போயிற்று.

1899இல் அந்தத் தம்பதி அமர்த்திக்கொண்ட வழிகாட்டியின் பெயர் மத்தியாஸ் சுர்பிரிகன், சுவிட்சர்லாந்துக்காரர். அவர் கதையைக் கேளுங்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, எட்வர்ட் ஃபிட்ஜெரால்டு என்ற செல்வந்தர் தென் அமெரிக்காவின் மிக உயரமான சிகரமான அகன்காகுவாவில் ஏற ஒரு குழுவை அழைத்துப் போனார். உடல் ஒத்துழைக்காததால், பலமுறை முயன்றும் அவரால் உச்சியை எட்ட முடியவில்லை. 1897 ஜனவரி 14 அன்று அந்த உச்சியில் முதலில் கால் வைத்தவர், கூலிக்கு வந்த சுர்பிரிகன், அதுவும் தனியாக. நமக்குத் தெரிந்த டென்சிங்கும் 1935இல் எவரெஸ்ட் பக்கம் முதலில் போனது சுமை தூக்கத்தான். 1953இல் உச்சியில் நின்றார்.

இனி சைக்கிளுக்கு வருவோம். வொர்க்மன் காலத்துச் சைக்கிள் சாலைக்கானது. மலைக்கென்று தனிச் சைக்கிள் பிறந்தது 1970களில், கலிபோர்னியாவில் தமல்பைஸ் மலை இருக்கும் மாரின் வட்டாரத்தில். கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, ஜோ பிரீஸ் முதலான இளைஞர்கள் முப்பது நாற்பது ஆண்டு பழைய தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலைமேல் கொண்டுபோய், மண்பாதையில் இறக்கினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று முதல் பந்தயம். ஏறத்தாழ இரண்டு மைலில் 1,300 அடி இறக்கம். நம் தர்காவின் பெரிய மினாரா 131 அடி. அதைப் பத்து முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு முறையும் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அந்தப் பாதைக்கே 'ரீபேக்', அதாவது 'திரும்ப அடை' என்று பெயர் வந்தது.

1977இல் ஜோ பிரீஸ் மலைக்கென்றே புது சட்டம் செய்தார். 1979இல் ஃபிஷரும் கெல்லியும், டாம் ரிச்சி செய்து தந்த சட்டங்களை வைத்து 'மவுண்டன்பைக்ஸ்' என்ற சின்ன நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பெயரே இன்று உலகம் முழுவதும் அந்தச் சைக்கிள் வகைக்குப் பொதுப்பெயர். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து விற்கத் தொடங்கியது. சைக்கிள் பிழைக்கத் தெரியாத பையன்களின் விளையாட்டு என்று அன்றும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

இந்தத் தம்பியின் வேலையில் இந்த இரண்டு வரலாறும் சேர்ந்திருக்கின்றன. வழிகாட்டிகளில் ஒருவர் முன்னால் போவார், ஒருவர் எல்லோருக்கும் பின்னால் வருவார். பின்னால் வருகிறவரின் பையில் டியூப், பம்பு, செயின் இணைப்பு, பிரேக் கட்டை, முதலுதவிப் பெட்டி எல்லாம் இருக்கும். மழை எப்போது இறங்கும், எந்த வளைவில் மூடுபனி நிற்கும், எந்தக் காட்டுப் பாதைக்கு வனத்துறை அனுமதி வேண்டும், யானை நடமாட்டம் எங்கே, களைத்துப்போனவரை எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விருந்தாளி கீழே விழுந்தால் முதலில் தூக்குவது அவர் கை.

ஆகவே அவன் வீட்டாருக்கு என் பதில் இது: வேலை கௌரவமானதா என்று கேட்காதீர்கள். விபத்துக் காப்பீடு உண்டா, சுற்றுலா நடக்காத மழை மாதங்களில் சம்பளம் உண்டா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்கிற நிறுவனம் என்றால், பையனைத் தைரியமாக விடலாம்.

உங்களில் யாராவது இப்படிப்பட்ட பயணம் போனால், படத்தில் உங்களோடு வழிகாட்டியையும் நிறுத்துங்கள். அதன் கீழே அவர் பெயரையும் எழுதுங்கள். வொர்க்மன் தம்பதிக்குச் சுமை தூக்கியவர்களுக்குக் கிடைக்காதது இவர்களுக்காவது கிடைக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், நாகூர்