தொழில் கூட்டணி

தனித்தனியே இயங்கும் நிறுவனங்கள் தத்தம் அடையாளத்தை விடாமல் ஒரு குறிப்பிட்ட வேலைக்காகக் கைகோப்பது தொழில் கூட்டணி. இரு தரப்பும் முதல் போட்டுப் புதிய நிறுவனம் தொடங்கினால் அது கூட்டு நிறுவனம். பங்கு எதுவும் கைமாறாமல் ஒப்பந்தத்தின் பேரில் மட்டும் சேர்ந்து உழைத்தால் அது உத்திக் கூட்டணி. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின்படி தனிநபர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டு வியாபாரம் வேறு வகையைச் சேர்ந்தது.

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரில் கூட்டு நிறுவனம், உத்திக் கூட்டணி ஆகிய இரு வகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கூட்டணி எதனால் நிலைக்கிறது, எதனால் முறிகிறது என்பதற்கு இந்தியாவில் இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாடா குழுமமும் சேர்ந்து 1984இல் டைட்டன் வாட்சஸ் நிறுவனத்தைத் தொடங்கின. பெருங்குழுமங்கள் புதுத் தொழிலில் இறங்க, ஏகபோகத் தடைச் சட்டமும் உரிம முறையும் குறுக்கே நின்ற காலம் அது. மாநில அரசின் கழகம் பங்காளியாக இருந்தது டாடாவுக்குப் பலம். ஓசூர் போன்ற பின்தங்கிய பகுதிக்கு நுட்பமான தொழில் ஒன்று வந்தது தமிழகத்துக்கு லாபம். குவார்ட்ஸ் தொழில்நுட்பம் பிரான்சிலிருந்து வந்தது. எச்எம்டியின் சாவி கொடுக்கும் கடிகாரங்கள் கோலோச்சிய சந்தையில் முதல் நிர்வாக இயக்குநர் ஸெர்க்ஸஸ் தேசாய் குவார்ட்ஸை நம்பி இறங்கினார். டைட்டன் என்ற பெயரிலேயே டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு ஆகிய இரு பங்காளிகளின் ஆங்கிலப் பெயர்களுடைய முதலெழுத்துகளும் இருக்கின்றன.

இந்தக் கூட்டு நிலைத்ததற்கு அதிகாரப் பகிர்வே முதன்மைக் காரணம். டிட்கோவின் பங்கு 27.88 சதவீதம், டாடா குழுமத்தின் பங்கு சுமார் 25 சதவீதம். அதாவது அரசுக் கழகத்தின் கைதான் சற்று ஓங்கியிருக்கிறது. டிட்கோ நியமிக்கும் ஐஏஎஸ் அதிகாரி இயக்குநர் குழுவின் தலைவராக அமர்வார். ஆனாலும் அன்றாட நிர்வாகம் டாடா தரப்பினரிடம் இருக்கும். ஆட்சிகள் மாறியபோதும், தலைவர்கள் ஓரிரு ஆண்டுகளில் மாற்றலாகிப் போனபோதும் இந்த ஏற்பாடு குலையவில்லை. டைட்டனின் தனிஷ்க் நகைத் தொழில் தொடக்க ஆண்டுகளில் நஷ்டத்தில் ஓடியபோதும் இரு தரப்பும் பிரியவில்லை. இன்று நிறுவனத்தின் வருவாயில் பெரும்பங்கு நகையிலிருந்தே வருகிறது. அரசுடன் சேர்ந்தால் தொழில் தேங்கிவிடும் என்ற பேச்சுக்கு டைட்டன் நேரடியான மறுப்பு.

அதே ஊரில் இன்னொரு கூட்டு முறிந்தது. 1982இல் டிவிஎஸ் குழுமமும் ஜப்பானின் சுசூகியும் தொடங்கிய இண்ட்-சுசூகி, பின்னர் டிவிஎஸ்-சுசூகி என்று பெயர் மாறியது. 100 சிசி மோட்டார் சைக்கிளுக்கான தொழில்நுட்பம் சுசூகியிடமிருந்தும், ஆலையும் விற்பனை வலைப்பின்னலும் டிவிஎஸ் தரப்பிலிருந்தும் வந்தன. டிவிஎஸ் சொந்தமாக வண்டி வடிவமைக்கக் கற்றுக்கொண்டதும் தேவைகள் மாறின. 2001இல் சுசூகியின் சுமார் 26 சதவீதப் பங்கை டிவிஎஸ் தரப்பு 9 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. 30 மாதங்களுக்குச் சுசூகி போட்டி வண்டியுடன் இந்தியச் சந்தைக்கு வருவதில்லை என்றும் முடிவானது. அதே ஆண்டில் டிவிஎஸ் தன் சொந்த வடிவமைப்பான விக்டரைச் சந்தைக்கு விட்டது. கூட்டு முறிந்ததென்றாலும் இதைத் தோல்விக் கணக்கில் எழுதுவது தவறு. கூட்டாளியாக இருந்த காலத்திலேயே கற்றவர்கள் பிரிந்த பிறகும் நின்றார்கள்.

ஹீரோ ஹோண்டாவின் கதை இதிலிருந்து மாறுபட்டது. 1984இல் பிறந்த அந்நிறுவனத்தில் ஹீரோவுக்கும் ஹோண்டாவுக்கும் தலா 26 சதவீதப் பங்கு. 1985இல் வந்த சிடி 100 மோட்டார் சைக்கிள் நாடு முழுவதும் ஓடியது. 2001இல் ஹீரோ ஹோண்டா உலகின் மிகப்பெரிய இருசக்கர வாகன உற்பத்தி நிறுவனம் ஆனது. ஆனால் இயந்திரத்துக்கு ஹோண்டாவையே நம்பியிருந்தது. 1999இல் ஹோண்டா இந்தியாவில் தனக்கென்று ஓர் இருசக்கர வாகன நிறுவனம் தொடங்கியதும் கூட்டாளியே போட்டியாளர் ஆனார். 2010 டிசம்பரில் பிரிவு அறிவிக்கப்பட்டது. அதன்பிறகே ஹீரோ ஜெய்ப்பூரில் பெரிய ஆய்வு மையம் அமைத்துச் சொந்தத் தொழில்நுட்பத்துக்கு முழுமூச்சாக உழைக்க வேண்டியிருந்தது. கூட்டாளி தன் சந்தைக்குள்ளேயே தனிக் கடை போடலாமா என்பது ஒப்பந்தத்தில் முதலிலேயே பேசி முடிக்க வேண்டிய விஷயம். விற்பனை ஏறுமுகத்தில் இருக்கும்போது அதை யாரும் எடுப்பதில்லை.

சுசூகி அனுபவத்துக்குப் பின் டிவிஎஸ் தேர்ந்த வழி வேறு. 2013இல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ மோட்டாராடுடன் அது செய்த ஒப்பந்தத்தில் பங்குப் பரிமாற்றமே இல்லை. 500 சிசிக்கு உட்பட்ட வண்டிகளைச் சேர்ந்து உருவாக்குவது, ஓசூரில் தயாரிப்பது, அவரவர் பெயரில் அவரவர் விற்பது என்பதே ஏற்பாடு. அதில் விளைந்த ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம் வழக்கத்துக்கு மாறானது. சிலிண்டர் பின்புறம் சாய்ந்திருக்கும். காற்று முன்பக்கமாக உள்ளே போகும், புகை பின்பக்கமாக வெளியேறும். பிஎம்டபிள்யூவின் ஜி 310 ஆர், டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்ஆர் 310 இரண்டிலும் இந்த இயந்திரமே இருக்கிறது. ஆனால் தோற்றமும் விலையும் வாங்குபவரும் வேறு வேறு. ஒருவர் விற்பனை உயர்ந்தால் மற்றவர் விற்பனை குறையும் நிலை பெரிதாக எழவில்லை. 2021இல் மின்வாகனங்களுக்கும் இந்த ஒப்பந்தம் விரிந்தது.