ஆர்கனின் நுரையீரல்



குழல் ஆர்கனைக் காண்போர் அதன் உயர்ந்த குழல்களையே வியக்கின்றனர். அவற்றுக்குச் சுவாசம் அளிப்பது எது என்று கேட்போர் சிலரே. இசைமேதை பாக் அப்படிக் கேட்டவர். புதிய ஆர்கனைச் சோதிக்கையில் எல்லா ஸ்டாப்புகளையும் இழுத்து முழு ஒலியில் வாசித்து, அதற்கு நல்ல நுரையீரல் உண்டா என்றே முதலில் பார்ப்பாராம்.

அக்காலத்தில் ஆட்களே துருத்தியை மிதித்தனர். பத்தாம் நூற்றாண்டில் வின்செஸ்டர் ஆலய ஆர்கனுக்கு 26 துருத்திகளும் 70 ஆட்களும் இருந்ததாக உல்ஃப்ஸ்டன் என்னும் துறவி எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீர்விசை இயந்திரம் வந்தது. பின்னர் மின்சார புளோயர் வந்தது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஐரா ஸ்பென்சர் உருவாக்கிய ‘ஆர்கோப்ளோ’, ஒரே தண்டில் பல விசிறிகளை இரும்பு உறைக்குள் சுழலச் செய்தது.

அவற்றுள் சில நூறாண்டு கடந்தும் உழைக்கின்றன. காரணம், மறைவான பராமரிப்பு. பேரிங்குகளுக்கு எண்ணெய் இடுகின்றனர். கிழிந்த தோல் இணைப்புகளை மாற்றுகின்றனர். புளோயர் அறையின் தூசியை அகற்றுகின்றனர். அத்தூசி காற்றோடு சென்று குழல்களின் வாயைக் கெடுக்கும். மும்முனை மின்மோட்டாரின் கம்பிகளை இடம் மாற்றி இணைத்தால் விசிறி எதிர்த்திசையில் சுழலும். அப்போதும் காற்று வரும். ஆனால் அழுத்தம் குன்றும், சுருதி தாழும்.

சபைக்கும் இது நேரக்கூடும். கூட்டங்கள் நடக்கும், பாடல்கள் ஒலிக்கும். பலம் மட்டும் இராது. எபிரெயரின் ‘ரூவாக்’ என்னும் சொல் காற்று, சுவாசம், ஆவி மூன்றையும் குறிக்கும். எசேக்கியேல் கண்ட எலும்புகள் ஒன்றுசேர்ந்து தோலால் மூடப்பட்ட பின்னும், ஆவி வரும்வரை எழும்பவில்லை.

நம் ஜெப அறையில் தூசி படிந்திருக்கிறதா என்று இவ்வாரம் ஆராய்ந்து பார்ப்போமாக. ஆமென்.