மண்ணுக்குள் ஒரு வரலாறு

புறநகர்ச் சாலையோரம் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினால் நாம் முகம் சுளிக்கின்றோம். ஆயினும், சென்னை நகர் தூய நீர் பெற்றது மண்ணைத் தோண்டியதனாலேயே என்பதை நாம் மறத்தலாகாது.

1866இல் பொறியாளர் ஃபிரேசர் வகுத்த திட்டம் 1872இல் நிறைவேறியது. கொசஸ்தலையாற்றின் நீர் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பப்பட்டு, சோழவரம் வழியே செங்குன்றம் ஏரியை அடைந்தது. அங்கிருந்து திறந்த மண் கால்வாயொன்றில் கீழ்ப்பாக்கம்வரை தானாகவே இறங்கி வந்தது. பின்னர் வார்ப்பிரும்புக் குழாய்கள் அதனை வீதிகளுக்குக் கொண்டு சென்றன.

பெரும் பேறுதான், ஐயமில்லை. ஆனால், கால்வாய் திறந்து கிடந்தது. வழியெல்லாம் அழுக்குச் சேர இடமிருந்தது. வடிகட்டும் ஏற்பாடோ இல்லை. குழாயில் வருவதனாலேயே நீர் தூயதாகிவிடுமா?

இக்குறை 1914இல் தீர்ந்தது. மண் கால்வாய்க்கு மாற்றாக, நிலத்தடியில் மூடிய நீர்வழி கட்டப்பட்டது. கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் நீரேற்று நிலையமும் எழுந்தன. நீர் கண்ணுக்கு மறைந்தது. மக்களுக்குக் காப்பு வந்தது.

இன்று புறநகரில் மனை வாங்கும் நம்மவர், சாலை எத்தனை அடி அகலம் என்று வினவுகின்றனர். அதனடியில் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனியே வழியுண்டா என வினவுவோர் மிகச் சிலரே. நம் பிள்ளைகளின் உடல்நலம் அவ்வினாவில்தான் அடங்கியுள்ளது. அதனையே நாம் முதலில் கேட்போமாக!