ப்ளாஸ்டிக்கில் கரண்ட் பாய்ந்த கதை

ஒயருக்கு மேல ப்ளாஸ்டிக் உறை எதுக்கு? ஷாக் அடிக்காம இருக்க. அதே ப்ளாஸ்டிக்கை உலோகம் மாதிரி மின்சாரம் கடத்த வைக்கலாம்னு காட்டினதுக்குத்தான் 2000-ல் வேதியியல் நோபல். மாஸ்டர்ஸுக்காக நான் குடைந்துகொண்டிருக்கும் மெல்லிய ஃபிலிம்களுக்கெல்லாம் பாட்டன் கதை இது.

1967, டோக்கியோ தொழில்நுட்பக் கழகம். ஹிடெகி ஷிரகாவாவின் ஆய்வு, அசிட்டிலீன் வாயுவைப் பாலிமர் ஆக்குவது. வழக்கமா கிடைப்பது கரும்பொடி. கொரியாவிலிருந்து வந்திருந்த ப்யோன் என்ற ஆய்வாளர் செய்த ஒரு சோதனையில் வினையூக்கி ஆயிரம் மடங்கு கூடிப்போச்சு. மில்லிமோல் இருக்க வேண்டிய இடத்தில் மோல்! பொடிக்குப் பதிலா ஏடு ஏடாக ஏதோ வந்தது. ஷிரகாவா அதைக் குப்பையில் போடல. ஏன்னு தோண்டி, வெள்ளி மாதிரி பளபளக்கும் ஃபிலிமாகவே எடுக்கக் கற்றுக்கொண்டார்.

பளபளப்பு இருந்ததே தவிர, கடத்தல் இல்லை. 1975-ல் டோக்கியோ வந்த அமெரிக்கப் பேராசிரியர் ஆலன் மெக்டயர்மிட், ஒரு காபி இடைவேளையில் இந்த ஃபிலிமைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஷிரகாவாவைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிட்டார். இயற்பியலாளர் ஆலன் ஹீகரும் சேர்ந்துகொண்டார். 1976 நவம்பரில் ஃபிலிம் மேல் ப்ரோமின் ஆவியை விட்டார்கள். சில நிமிஷத்தில் கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு! கட்டுரை 1977-ல் வெளிவந்தது.

எப்படி? இந்தப் பாலிமரில் ஒற்றை, இரட்டைப் பிணைப்புகள் மாறி மாறி வரும். ஆனா எலக்ட்ரான்கள் எல்லா சீட்டும் நிறைஞ்ச பஸ் மாதிரி, நகர இடமில்லை. ப்ரோமின் சிலதைப் பிடுங்கிவிடும். காலியான சீட்டுக்குப் பக்கத்து ஆள் நகர, அவர் சீட்டுக்கு அடுத்தவர் நகர, ஓட்டம் ஆரம்பம்.

இனி எனக்கு உறுத்தும் விஷயம். 1963-லேயே ஆஸ்திரேலியாவில் வைஸ் குழுவினர், அயோடின் கலந்த பாலிபிர்ரோல் நன்றாகக் கடத்துவதை வெளியிட்டிருந்தார்கள். பெரிசா யாரும் கவனிக்கல. ப்யோனோ, பல கதைகளில் பேரில்லாத "ஒரு மாணவர்".

விபத்து மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது, ஒத்துக்கறேன். விடாம துருவின ஷிரகாவாவுக்குப் பரிசு நியாயம்தான். ஆனா பேரையே விட்டுட்டுக் கதை சொல்வது நியாயமில்லை.

இன்னொரு வேடிக்கை: நோபல் வாங்கித்தந்த பாலிஅசிட்டிலீன் காற்றுபட்டாலே கெட்டுப்போகும், கடைக்கு வரவேயில்லை. பிழைத்தது அதன் வாரிசுகள். பெடாட் என்ற பாலிமர், ஃபோட்டோ ஃபிலிமில் நிலைமின்சாரத்தைத் தடுக்கும் பூச்சாகப் போய், இப்போ கெப்பாசிட்டர்களுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது.

உங்க லேப்ல யாராவது மில்லியை விட்டுட்டா, திட்டறதுக்கு முன்னாடி குடுவைக்குள்ள ஒரு தடவை எட்டிப் பாருங்க. அவங்க பேரையும் நோட்டுல எழுதி வைங்க :-)