இலாபநோக்கற்ற அமைப்பு நிர்வாகிகளின் தனிப்பட்ட சட்டப் பொறுப்பு (அமெரிக்கா)

பதிவு பெற்ற அறப்பணி அமைப்பு சட்டத்தின் பார்வையில் தனி நபர். அதன் கடனுக்கு இயக்குநர்களின் சொந்தச் சொத்து பொதுவாகப் பிணையாகாது. கவனத்துடனும் விசுவாசத்துடனும் நடக்கும் கடமையை மீறினால் இந்தக் காப்பு விலகும்.

வாஷிங்டன் சிப்லி மருத்துவமனையின் முதலீட்டுக் குழு பத்தாண்டுக்கு மேல் கூடவே இல்லை. அறங்காவலர்களுக்குத் தொடர்புள்ள வங்கிகளில் பெரும்பணம் வட்டியின்றிக் கிடந்தது. 1974 தீர்ப்பு கடமை தவறியதை உறுதிசெய்தாலும் இழப்பீடு விதிக்கவில்லை. பிட்ஸ்பர்க் லெமிங்டன் முதியோர் இல்லம் திவாலான வழக்கில் அந்தத் தயவு கிடைக்கவில்லை. முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டு பகுதிநேரமே வேலை பார்த்த நிர்வாகியை, மாற்றும்படி பரிந்துரை வந்தும், இயக்குநர் குழு நீடிக்கவிட்டது. இயக்குநர்களும் அலுவலர்களும் கூட்டாக 22.5 லட்சம் டாலர் தர வேண்டும் என்ற தீர்ப்பை 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது.

1997ஆம் ஆண்டின் தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம் ஊதியம் பெறாதவர்களைச் சாதாரணக் கவனக்குறைவுக்கான வழக்குகளிலிருந்து காக்கிறது. அமைப்பே தொடுக்கும் வழக்குக்கு அது பொருந்தாது.

பணமுடையில் இருக்கும் சிறு அமைப்புகள் முதலில் கண்காணிக்க வேண்டியது சம்பளத்தில் பிடித்த வரியை. அதைத் தெரிந்தே வேறு செலவுக்குத் திருப்பிய பொறுப்பாளர் முழுத் தொகையையும் கைப்பணத்திலிருந்து கட்ட நேரும்.